ஒரே பொய், மூன்று கணக்கு: ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடியின் வரலாறு

நம் வளாகத்தின் பேஸ்மென்டில் ஒரு சுற்று நடந்தால் டீசல் கார்கள் இன்னும் கண்ணில் படும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கார் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று வீட்டுக்கு வீடு நடந்த பெரிய விவாதம் "பெட்ரோலா, டீசலா" என்பதுதான். மைலேஜ் கணக்குப் போட்டு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுவோம் என்று கணக்குப் போட்டு, கூடுதல் விலை கொடுத்து டீசல் வாங்கியவர்கள் நம்மில் பலர்.

இன்று அந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உலக அளவில் டீசல் காரின் மதிப்பைச் சரித்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 2015 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு விதிமீறல் நோட்டீஸ் அனுப்பியது. சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருளைக் கார்களில் மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. நான்கு நாளில் நிறுவனமே உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த இன்ஜின் மென்பொருள் இருப்பதாக ஒப்புக்கொண்டது. ஐந்தாம் நாள் தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார்.

இந்தக் கதையைக் குடியிருப்போர் சங்க இதழில் சொல்லக் காரணம் உண்டு. நிறுவனம் ஒன்று, இன்ஜின் குடும்பம் ஒன்று, பொய்யும் ஒன்று. ஆனால் அதே காரை வாங்கியவருக்கு அமெரிக்காவில் கிடைத்தது ஒன்று, ஜெர்மனியில் கிடைத்தது வேறு, இந்தியாவில் கிடைத்தது இன்னும் வேறு. ஏமாந்தவனின் கோபம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அந்தக் கோபத்தை ஒன்றுசேர்த்து எண்ண ஒரு வழி இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

டீசலின் தீராத சிக்கல்

டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடச் சிக்கனமானது. அதிக அழுத்தத்தில், அதிகக் காற்றோடு எரிவதால் வரும் சிக்கனம் அது. அதே காரணத்தால் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடு உருவாகிறது. இது கண்ணுக்குத் தெரியும் கரும்புகை அல்ல. வெயிலில் ஓசோனாகவும், காற்றில் நுண்துகளாகவும் மாறி நுரையீரலைப் பாதிக்கும் வாயு. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது விஷம்.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. புகைக் குழாயில் ஒரு பொறி வைத்து நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கலாம். ஆனால் அந்தப் பொறியை அவ்வப்போது சுத்தம் செய்ய டீசல் கூடுதலாகச் செலவாகும், மைலேஜ் குறையும். இன்னொரு வழி யூரியாக் கரைசலைத் தெளிப்பது. இன்று புதிய டீசல் கார்களில் நாம் ஊற்றும் ஆட்புளூ அதுதான். அதற்குத் தனி டேங்க், தனிச் செலவு, அடிக்கடி நிரப்பும் தொல்லை. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டிக்கும் ஆயுள் ஒரு கணக்குதான்.

சுத்தம், மைலேஜ், உழைப்பு, விலை என்ற இந்த நான்கையும் ஒன்றாகக் கொடுப்பது கடினம். அமெரிக்க விதி உலகிலேயே கறாரானவற்றுள் ஒன்று. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 43 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடுதான் அனுமதி. அப்போதைய ஐரோப்பிய யூரோ 5 விதியில் 180 மில்லிகிராம். நம் பி.எஸ்.4 விதியில் 250 மில்லிகிராம். ஐரோப்பாவுக்குச் செய்த இன்ஜினை அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் உண்மையிலேயே பெரிய வேலை செய்தாக வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பொறியாளர்கள் அந்த வேலையைச் செய்ய முடியாமல் குறுக்குவழி தேடினார்கள்.

தந்திரம் புதிதல்ல

குறுக்குவழிக்கு முன்னோடிகள் இருந்தார்கள். 1973-ல் இதே ஃபோக்ஸ்வேகன், வெப்பநிலையைப் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடும் சுவிட்சுகளைச் சுமார் 25,000 வண்டிகளில் வைத்ததாக அமெரிக்காவில் பிடிபட்டது. 1,20,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

1995-ல் ஜெனரல் மோட்டார்ஸின் முறை. சுமார் 4,70,000 காடிலாக் கார்களில் ஏ.சி. போட்டால் மாசு கூடும்படி கணினிச் சிப்பை மாற்றியிருந்தார்கள். சோதனைக்கூடத்தில் அந்தக் காலத்தில் ஏ.சி. போடாமல்தான் சோதிப்பார்கள்; அதுதான் சூட்சுமம். கிட்டத்தட்ட 4 கோடியே 50 லட்சம் டாலரில் அந்த வழக்கு முடிந்தது.

1998-ல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உள்பட ஏழு லாரி இன்ஜின் நிறுவனங்கள் மாட்டின. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது மாசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மென்பொருளைச் சுமார் 13 லட்சம் இன்ஜின்களில் வைத்திருந்தார்கள். அபராதமும் பரிகாரச் செலவுமாகச் சுமார் 100 கோடி டாலர் ஆனது. அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாக, ஓடும் வண்டியிலேயே புகையை அளக்கும் கருவிகளை உருவாக்கும் வேலை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அன்று நட்ட விதை பதினைந்து வருடம் கழித்து முளைத்ததைப் பிறகு பார்ப்போம்.

"கிளீன் டீசல்" என்ற விளம்பரம்

2007-ல் தலைமைக்கு வந்த வின்டர்கோர்ன், 2018-க்குள் டொயோட்டாவை முந்தி உலகின் முதலிடத்தைப் பிடிப்பது என்று இலக்கு வைத்தார். அதற்கு அமெரிக்கச் சந்தை வேண்டும். டொயோட்டாவிடம் ஹைபிரிட் இருந்தது. ஃபோக்ஸ்வேகன் டீசலைப் பசுமை என்று விற்க முடிவு செய்தது.

"கிளீன் டீசல்" என்ற பெயரில் விளம்பரங்கள் குவிந்தன. ஜெட்டா டீசல் 2009-ஆம் ஆண்டின் பசுமைக் கார் விருது வாங்கியது. மறு வருடம் அதே விருது ஆடி ஏ3 டீசலுக்கு. ஜெட்டா வாங்கியவர்களுக்கு அமெரிக்க அரசே 1,300 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. (மோசடி வெளியானதும் இரண்டு விருதுகளும் பறிக்கப்பட்டன.)

இந்தக் கார்களை வாங்கியவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத்துக்காகவோ பந்தாவுக்காகவோ மட்டும் வாங்கியவர்கள் அல்லர். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பி, பெட்ரோல் காரைவிடக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் அதில் ஏராளம். பின்னால் வெடித்த கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பணம் போனது ஒரு பக்கம். தாங்கள் செய்த நல்ல காரியமே ஊருக்கு விஷமானது என்பது இன்னொரு பக்கம்.

அளந்து பார்த்தவர்கள்

கார்கள் சோதனைக்கூடத்தில் சுத்தம், சாலையில் அசுத்தம் என்பது ஐரோப்பாவில் நிபுணர்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும். சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, அமெரிக்க டீசல் கார்கள் சாலையிலும் சுத்தமாகவே இருக்கும், அதை நிரூபித்தால் ஐரோப்பாவுக்குப் பாடமாகும் என்று நினைத்தது. அந்தச் சோதனையைச் சிறிய நிதி கொடுத்து மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. ஃபோக்ஸ்வேகனைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை.

டான் கார்டர் தலைமையில் வேலை செய்த ஆராய்ச்சியாளர்கள் மார்க் பெஷ், அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா. பின்னிரண்டு பெயர்களும் நம் காதுக்குப் பழக்கமானவை, ஹேமந்த் பெங்களூர்க்காரர். 2013-ல் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, பஸ்ஸாட், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 என்று மூன்று டீசல் கார்களை எடுத்துக்கொண்டு கலிபோர்னியா போனார்கள். டிக்கியில் அளவுக் கருவிகளையும் அவற்றுக்கு மின்சாரம் தர ஜெனரேட்டரையும் ஏற்றிச் சாலை சாலையாக ஓட்டினார்கள். பஸ்ஸாட்டை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கலிபோர்னியா காற்று வாரியத்தின் சோதனைக்கூடத்தில் ஃபோக்ஸ்வேகன் கார்கள் இரண்டும் அழகாகத் தேறின. சாலையில் ஜெட்டா விதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் அளவுக்குள் இருந்தது. கருவியில் தவறோ என்று முதலில் சந்தேகித்துத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். எண்கள் மாறவில்லை. 2014 மே மாதம் அறிக்கை வெளியானது.

இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றின் பொய்யைப் பிடித்தது ரகசிய உளவோ பெரிய விசாரணை அமைப்போ அல்ல. சம்பந்தமில்லாத ஒருவர், நேர்மையான கருவியை வைத்து, உண்மையான சாலையில் அளந்து பார்த்தார். அவ்வளவுதான்.

ரிப்பேருக்கு வந்த காரில் நடந்தது

காருக்குத் தான் சோதனைக்கூடத்தில் இருப்பது எப்படித் தெரியும்? சோதனையில் கார் உருளைகளின் மேல் நின்றபடி ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் அசையாது. எந்த நிமிடத்தில் என்ன வேகம் என்பதும் முன்பே வகுக்கப்பட்டது. ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், இன்ஜின் ஓடிய நேரம், காற்றழுத்தம் இவற்றைப் பார்த்து "இது சோதனை" என்று மென்பொருள் முடிவு செய்யும். அப்போது மாசுக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். சாலைக்கு வந்துவிட்டால் தளர்த்திவிடும். சில நேரம் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறியது.

இதில் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டும் விஷயம், நிறுவனம் பின்னால் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட ஒரு சம்பவம். 2012 வாக்கில் சில கார்களில் புகைக் குழாய்ப் பகுதியில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. வாடிக்கையாளர்கள் சர்வீசுக்கு வந்தார்கள். பொறியாளர்கள் ஆராய்ந்து ஒரு காரணத்தை ஊகித்தார்கள்: சாலையில் ஓடும்போதும் சில கார்கள் "சோதனை நிலையிலேயே" தங்கிவிடுகின்றன, அதாவது சில நேரம் தவறிப்போய் சுத்தமாக ஓடிவிடுகின்றன, அந்தக் கூடுதல் சுமையைப் பாகங்கள் தாங்கவில்லை!

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு பாகங்களைப் பலப்படுத்துவது அல்ல. கார் இன்னும் துல்லியமாக ஏமாற்றும்படி ஸ்டீயரிங் கோணத்தைக் கவனிக்கும் பகுதியை மென்பொருளில் சேர்த்தார்கள். ஏற்கெனவே விற்ற கார்களிலும் 2014 வாக்கில் அதை ஏற்றினார்கள். வாடிக்கையாளரிடம் சொன்னது, இது காரை மேம்படுத்தும் அப்டேட் என்று. பழுது என்று காரைக் கொண்டுவந்தவரின் நம்பிக்கையை வைத்தே ஏமாற்றைக் கூர்மைப்படுத்தினார்கள். சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்துவிட்டு வரும் நம் எல்லோருக்கும் அந்தக் கோபம் புரியும்.

மேற்கு வர்ஜீனியா அறிக்கைக்குப் பிறகு கலிபோர்னியா வாரியம் விளக்கம் கேட்டபோது, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி 2014 டிசம்பரில் சுமார் 5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருள் மாற்றினார்கள். வாரியம் மறுபடி அளந்தது. மாசு பெரிதாகக் குறையவில்லை. 2016 மாடல் கார்களுக்கு அனுமதி கிடையாது என்று அதிகாரிகள் கையை விரித்த பிறகுதான், 2015 செப்டம்பர் 3 அன்று உண்மை வாயிலிருந்து வந்தது.

அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவில் நோட்டீஸ் குறிப்பிட்ட கார்கள் சுமார் 4,82,000. செய்தி வந்த சில நாட்களிலேயே வழக்குகள் குவிந்தன. நிறுவனம் முதலில் சமாதானமாக, ஆளுக்கு 500 டாலர் பண அட்டையும் டீலரிடம் செலவழிக்க இன்னொரு 500 டாலர் அட்டையும் நீட்டியது. கோபம் அடங்கவில்லை. நாடெங்கும் தொடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரேயர் முன் ஒன்றாகச் சேர்த்தார்கள். விளம்பரம் பொய் என்று வர்த்தக ஆணையம் தனியாக வழக்குப் போட்டது.

2016 ஜூனில் சமரசம் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் நீதிபதி ஒப்புதல் தந்தார். மொத்தம் 1,470 கோடி டாலர் வரை. அதில் சுமார் 1,000 கோடி டாலர் கார் வைத்திருந்தவர்களுக்கு; 270 கோடி காற்றைச் சுத்தப்படுத்த; 200 கோடி மின்வாகன வசதிகளுக்கு. கார் உரிமையாளர் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். விலை எப்படி என்றால், மோசடி வெளியாவதற்கு முன் அந்தக் காருக்கு என்ன மதிப்போ அது. அதற்கு மேல் 5,100 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை இழப்பீடு. விருப்பமுள்ளவர் காரைச் சரிசெய்து வைத்துக்கொண்டு இழப்பீடு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பங்கேற்றவர்களில் 86 விழுக்காட்டுக்கும் மேல் காரைத் திருப்பிக் கொடுக்கும் வழியையே எடுத்தார்கள். "சரிசெய்து தருகிறோம்" என்ற பேச்சை நம்ப ஆளில்லை என்பதற்கு இதைவிட வேறு வாக்கெடுப்பு வேண்டாம். சிலர் கோபத்தில் கதவு, சீட், உதிரிபாகம் என்று கழற்றிக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். சமரசத்தின் நோக்கம் அதுவல்ல என்று நீதிபதியே சொல்ல வேண்டி வந்தது. திரும்ப வாங்கிய லட்சக்கணக்கான கார்களை நிறுத்த இடமில்லாமல், மிச்சிகனில் கைவிடப்பட்ட ஒரு விளையாட்டரங்கத்திலும் கலிபோர்னியாப் பாலைவனத்து விமான நிலையத்திலும் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். வர்த்தக ஆணையம் 2020-ல் கொடுத்த கணக்கின்படி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பிய பணம் 950 கோடி டாலருக்கும் மேல்.

இதுபோக 2017-ல் நிறுவனம் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் அபராதம் கட்டியது. அமெரிக்காவில் பிடிபட்ட அதிகாரி ஒருவருக்கு ஏழு வருடச் சிறை கிடைத்தது.

ஜெர்மனிக் கணக்கு

சொந்த ஊரான ஜெர்மனியில் கதை வேறு. அங்கே சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்கும்படி 2015 அக்டோபரில் அரசு உத்தரவிட்டது; ஐரோப்பா முழுக்க 85 லட்சம். ஆனால் கிடைத்தது மென்பொருள் மாற்றம்தான். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு அதோடு வலை பதித்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அமெரிக்கருக்குப் பத்தாயிரம் டாலர், எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயா என்று ஐரோப்பியர்கள் கொதித்தார்கள். இழப்பீடு தரச் சட்டப்படி கடமை இல்லை என்பது நிறுவனத்தின் நிலை.

திருத்தம் செய்த கார்களில் புதுப் புகார்கள் எழுந்தன. மைலேஜ் குறைந்தது, இழுவை குறைந்தது, ஈ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொண்டது, நெடுஞ்சாலையில் வண்டி திடீரென்று வேகம் இழந்தது என்று பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். திருத்தத்தால் பாதிப்பில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2018-ல் நகரங்கள் பழைய டீசல் கார்களுக்குத் தடை விதிக்கலாம் என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வேதனை இரட்டிப்பானது. விற்கலாம் என்றால் விலை இல்லை, ஓட்டலாம் என்றால் சாலை இல்லை.

அமெரிக்காவில் உள்ளதுபோல் ஒருவர் பலருக்காக வழக்குத் தொடுக்கும் முறை ஜெர்மனியில் அப்போது இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே வக்கீல் வைத்து, தனித்தனியே செலவழித்து, பல வருடம் நடக்க வேண்டும். பெருநிறுவனங்களுக்கு இது வசதி. பெரும்பாலானோர் பாதியில் சோர்ந்துவிடுவார்கள்.

இந்த மோசடி கிளப்பிய கோபம் ஜெர்மனியின் சட்டத்தையே மாற்றியது. 2018 நவம்பரில் நுகர்வோர் அமைப்புகள் பலருக்காக ஒரு மாதிரி வழக்கு நடத்தும் முறை அமலுக்கு வந்தது. நுகர்வோர் கூட்டமைப்பு உடனே ஃபோக்ஸ்வேகன் மேல் வழக்குப் போட்டது. 2020 பிப்ரவரியில் 83 கோடி யூரோ சமரசம்; சுமார் 2,60,000 பேருக்கு ஆளுக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை. அதே வருடம் மே 25 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், நிறுவனம் வேண்டுமென்றே ஏமாற்றியது, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஓட்டிய கிலோமீட்டருக்குக் கழிவு உண்டு. வழக்குப் போட்டவர் 31,490 யூரோவுக்கு வாங்கிய பழைய காருக்குச் சுமார் 25,600 யூரோ கிடைத்தது. வழக்கு இழுக்க இழுக்க ஓட்டம் கூடும், தொகை குறையும்.

பிரிட்டனில் சுமார் 91,000 பேர் சேர்ந்து நடத்திய வழக்கு 2022 மே மாதம் 19 கோடியே 30 லட்சம் பவுண்டில் முடிந்தது. மோசடி வெளியாகி ஏழு வருடம் கழித்து.

இந்தியக் கணக்கு

இந்தியாவிலும் அதே குடும்பத்து இன்ஜின்கள் விற்கப்பட்டன. புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம் சாலையில் அளந்தபோது பி.எஸ்.4 அளவைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு வந்தது. நம் விதியே அமெரிக்க விதியைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு தளர்வானது என்பதை நினைவில் வையுங்கள். 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் சேர்த்து சுமார் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்தது. மென்பொருள் மாற்றித் தருவார்கள். கார் உரிமையாளருக்கு அவ்வளவுதான்.

இந்திய விதி எதையும் மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். சட்டத்தின் எழுத்தில் அதற்கு இடம் இருந்தது. ஏனெனில் இந்தியாவில் அன்று சோதனைக்கூட அளவுக்குத்தான் வரம்பு, சாலையில் இவ்வளவுதான் என்று வரம்பே கிடையாது.

ஒரு பள்ளி ஆசிரியை உள்ளிட்ட சிலர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். நிபுணர் குழு 171 கோடியே 34 லட்சம் ரூபாய் என்று பாதிப்பை மதிப்பிட்டது. 2019 மார்ச் 7 அன்று தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் கட்ட உத்தரவிட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம், கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. அந்த 500 கோடியும் சுற்றுச்சூழலுக்கான தொகைதான். காரை வாங்கி ஏமாந்தவருக்குப் போகும் பணமல்ல.

கார் வாங்கியவர்களுக்குக் கோபம் வரவில்லையா என்றால், வந்தது. சர்வீஸ் சென்டரில், டீக்கடையில், வீட்டு வரவேற்பறையில் வந்தது. ஆனால் 3,23,700 கோபங்களும் 3,23,700 இடங்களில் தனித்தனியே இருந்தன. நம் சங்கத்தில் நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது. லிஃப்ட் நிற்கிறது என்று ஒரு வீட்டார் தனியே புகார் சொன்னால் "பார்க்கிறோம் சார்" என்பார்கள். நாற்பது வீட்டார் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டால் மறுநாள் ஆள் வருவார்.

அதற்குப் பிறகு இங்கே என்ன மாறியது

சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, அளவு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதி டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடை 250 மில்லிகிராமிலிருந்து 80-க்குக் குறைத்தது. 2023 ஏப்ரலிலிருந்து சாலையில் ஓடும்போதே அளக்கும் சோதனையும் கட்டாயம். ஐரோப்பாவில் இது 2017-லேயே தொடங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் நாம் வாங்கும் மாசுச் சான்றிதழ் டீசல் காரின் கரும்புகை அடர்த்தியைத்தான் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு அதில் வராது. சான்றிதழ் இருக்கிறது என்பதால் பேஸ்மென்டில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது, திரும்ப அழைக்கும் அதிகாரம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ பயணிகளுக்கோ தீங்கு தரும் குறை ஒரு மாடலில் இருந்தால் அதைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம் என்கிறது. அப்படி உத்தரவு வந்தால் நிறுவனம் காரின் முழு விலையைத் தரவோ, மாற்றுக் கார் தரவோ, பழுது நீக்கித் தரவோ வேண்டும். உரிமையாளர்களின் புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டுவதும் அந்த வழி திறக்கும் காரணங்களுள் ஒன்று. மெக்கானிக்கிடம் புலம்பினால் அது எண்ணிக்கையில் சேராது. பதிவு செய்தால் சேரும்.

மூன்றாவது, சேர்ந்து வழக்காடும் உரிமை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35-ஆம் பிரிவில், ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு புகார் கொடுக்கலாம் என்கிறது. பொய் விளம்பரத்தை விசாரிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இப்போது உண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை காகிதம். கார் வாங்கியபோது தந்த விளம்பரப் புத்தகம், சர்வீஸ் பில்கள், "சாஃப்ட்வேர் அப்டேட் செய்தோம்" என்று எழுதிய ஜாப் கார்டு, எதற்காக அப்டேட் என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பதில். அமெரிக்காவில் கோபத்தைப் பணமாக்கியது வக்கீல்களின் வாதத்திறமை மட்டுமல்ல. எந்தக் கார், எந்த வருடம், எத்தனை மைல் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருந்தது.

இந்த மோசடிக்காக ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கச் செலவழித்தது 3,000 கோடி யூரோவுக்கும் மேல். அதில் மிகப் பெரும்பகுதி, பாதிக்கப்பட்ட கார்களில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அமெரிக்காவுக்குப் போனது. 2025 மே மாதம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் நான்கு முன்னாள் அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து இருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தபோது, நோட்டீஸ் வந்து பத்து வருடம் ஆகப்போகிறது.

காற்றின் கணக்கு இன்னும் தீரவில்லை. டீசல் வாகனங்கள் விதித்த அளவைத் தாண்டிக் கக்கிய நைட்ரஜன் ஆக்சைடால் 2015-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 38,000 பேர் முன்கூட்டியே இறந்திருக்கலாம் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு நிறுவனம் மட்டும் செய்த பாவம் அல்ல அது. எல்லா நிறுவனங்களின் கார்களும் லாரிகளும் பேருந்துகளும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த 38,000 பேரில் பெரும்பாலோர் அந்த வண்டிகளை வாங்கியவர்கள்கூட அல்லர். அதே காற்றைச் சுவாசித்தவர்கள். அவர்கள் சார்பில் பில்லோ ஜாப் கார்டோ எடுத்துக்கொண்டு போய் நிற்க யாரும் இல்லை.